நாம் மார்க்கம் என்று பிடித்திருப்பதில் வளர்ப்பு எவ்வளவு?

“சேர், நாங்க ஒரு சிங்கள வீட்டுல பொறந்திருந்தா இப்ப பன்சலைக்குத்தானே போவோம்?”

சாதாரண தர வகுப்புக்கு இஸ்லாம் பாடம் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். கேட்கும் பிள்ளை பெரும்பாலும் நன்றாகத் தொழுகின்ற, ஓதுகின்ற பிள்ளையாகத்தான் இருக்கும். ஈமானில் குறைபாடுள்ள பிள்ளை இப்படிக் கேட்பதில்லை, அதற்கு இதில் அக்கறையே இருக்காது. ஆனால் எம்மவரில் பலர் இக்கேள்விக்குக் கொடுக்கும் பதில் “அஸ்தஃபிருல்லாஹ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்பதுதான். அத்தோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கேள்வி மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

இது புதிய கேள்வியும் அல்ல, வழிகெட்ட கேள்வியும் அல்ல. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான். தமது கடைசிக் காலத்தில் எழுதிய ‘அல்முன்கித் மினள் ழலால்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே அதை அவர் சொல்லிவிடுகிறார். கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும், யூதப் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவுமே வளர்வதைத் தாம் கண்டதாகவும், பெற்றோரிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் வந்த இந்த நம்பிக்கைகளுக்குக் கீழே மனிதனிடம் இயல்பாக இருப்பது எது என்று தேடத் தொடங்கியதாகவும் எழுதுகிறார். அவரை உசுப்பிவிட்டது ஒரு ஹதீஸ். ஒவ்வொரு குழந்தையும் ‘பித்ரா’ எனும் இயற்கை நிலையிலேயே பிறக்கிறது, அதன் பெற்றோர்தான் அதனை யூதராகவோ கிறிஸ்தவராகவோ நெருப்பு வணங்கியாகவோ ஆக்குகின்றனர் என்ற கருத்தில் புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் அது.

இந்த ஹதீஸை நாம் எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அநேகமாக மற்றச் சமூகங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அது எடுத்துக்காட்டப்படும். “பாருங்கள், அவர்களை அவர்களது பெற்றோர் மாற்றிவிட்டார்கள்.” பெற்றோருக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்றால் எமது பெற்றோருக்கும் அது இருக்குமே என்ற இடத்துக்கு நாம் வருவதில்லை. இமாம் கஸ்ஸாலி வந்தார். அதனால்தான் வேறு வீட்டில் பிறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவரிடம் அவசரமில்லை. ‘பைஸலுத் தப்ரிகா’ என்ற நூலில், நபி (ஸல்) அவர்களின் பெயரையே கேள்விப்படாதவர்களையும், பெயரைக் கேட்டும் சிறு வயதிலிருந்தே அவர்களைப் பற்றிப் பொய்யான சித்திரம் மட்டுமே சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களையும் அவர் மன்னிக்கப்படக்கூடியவர்களின் வரிசையில் வைக்கிறார். உண்மையான தூது தெளிவாகச் சென்றடைந்த பின்பும் வீம்புக்கு மறுத்தவர்களை மட்டுமே வேறாகப் பிரிக்கிறார். மாத்தறையில் பிறந்தவரின் கணக்கை அல்லாஹ் எப்படிப் பார்ப்பான் என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வளர்ப்பின் பாரத்தை அல்லாஹ் அறிவான். அவன் அநீதி செய்பவன் அல்லன்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அடுத்த வீட்டுக்காரரின் கணக்கு அல்ல, எமது கணக்குத்தான். முஸ்லிம் வீட்டில் பிறந்த எமக்கு ‘மார்க்கம்’ என்ற ஒரே பொதியில் எதெல்லாம் சேர்த்துக் கட்டித் தரப்பட்டிருக்கிறது?

அந்தப் பொதி எந்த வழியாக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கேரளக் கரையிலும், காயல்பட்டினம், கீழக்கரையிலும், மலேசியா, இந்தோனேசியாவிலும் அப்படித்தான். வட இந்தியாவுக்கோ மத்திய ஆசியாவுக்கோ போனால் ஹனபி மத்ஹப். எம்மூர் மூதாதையர் இரு மத்ஹப்களின் கிதாபுகளையும் அருகருகே வைத்து வாசித்து, ஆராய்ந்து இதைத் தெரிவு செய்தார்களா? இல்லை. யெமன், ஹழரமௌத் பக்கமிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்த கப்பல்கள் எங்கெல்லாம் நங்கூரம் போட்டனவோ அங்கெல்லாம் ஷாபிஈ பிக்ஹ் இறங்கியது. தரைவழியாகக் கைபர் கணவாயைத் தாண்டி வந்தவர்களுடன் ஹனபி பிக்ஹ் வந்தது. எமது நாட்டிலேயே கத்தியவார் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்த மேமன் சகோதரர்கள் ஹனபிகளாகவே இருக்கிறார்கள். அவர்கள் வந்த வழி வேறு.

இதன் விளைவுகளைப் பாருங்கள். மனைவியின் கை தவறுதலாகப் பட்டால் எனது வுழூ முறிகிறது. புறக்கோட்டையில் எனக்குப் பக்கத்துக் கடை வைத்திருக்கும் மேமன் நண்பருக்கு முறிவதில்லை. நான் கணவாய்க் கறியை ருசித்துச் சாப்பிடுகிறேன், அவருடைய மத்ஹபின்படி அது மீன் வகையில் சேராததால் கூடாது. அஸர் நேரம் எனக்கு முந்தியும் அவருக்குப் பிந்தியும் ஆரம்பிக்கிறது. சுபஹில் நான் குனூத் ஓதுகிறேன், அவர் ஓதுவதில்லை. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, இரண்டும் தக்வா உள்ள இமாம்களின் முடிவுகள். ஆனால் இந்த ஆதாரம் எனக்கும் அந்த ஆதாரம் அவருக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் காற்றின் திசை. ஹஜ்ஜுக்குப் போகும்போது, தவாபின் நெரிசலில் தொடுகையைத் தவிர்க்க முடியாது என்பதால் எமது ஆலிம்களே “இந்த விடயத்தில் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுங்கள்” என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஊரில் குனூத்துக்காகப் பள்ளியைப் பிரித்தவர்கள்கூட அங்கே போய் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

மொழியும் அப்படித்தான். தொழுகை, நோன்பு, பள்ளி. எமது மிகப் பெரிய கடமைகளையும் அவற்றுக்கான இடத்தையும் நாம் அழைப்பது இஸ்லாம் தமிழ் நிலத்துக்கு வருவதற்கு முன்பே இருந்த தமிழ்ச் சொற்களால். ‘பள்ளி’ என்பது ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்தின் பெயர். அந்தச் சொல்லை எடுத்து அல்லாஹ்வின் வீட்டுக்கு வைத்த எமது முன்னோர்களுக்கு ஈமானில் எந்தத் தடுமாற்றமும் ஏற்படவில்லை. ஒவ்வொரு தூதரும் தத்தமது சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்று சூரா இப்ராஹீமின் நான்காவது வசனம் சொல்வதை அவர்கள் கிதாபில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பத்ஹுத் தய்யான்’ என்ற பிக்ஹ் நூலை அரபுத் தமிழில் எழுதியதும் இதே தெளிவில்தான்.

ஆகவே வளர்ப்பும் கலாசாரமும் மார்க்கத்தில் கலப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீருக்கு ஒரு பாத்திரம் வேண்டும். எது தண்ணீர், எது பாத்திரம் என்று தெரியாமற் போவதுதான் ஆபத்து.

இதைப் பிரித்துப் பார்க்க எமக்கு மிகச் சிறந்த பாடம் ஒரு சாப்பாட்டு விரிப்பில் நடந்தது. அன்னை மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் நபி (ஸல்) அவர்களுக்குச் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்படுகிறது. கையை நீட்டுகிறார்கள். இது உடும்பு என்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொள்கிறார்கள். அருகில் இருந்த காலித் பின் வலீத் (ரழி) அவர்கள், இது ஹராமா என்று கேட்கிறார்கள். இல்லை, ஆனால் எனது சமூகத்தாரின் பூமியில் இது கிடையாது, அதனால் எனக்கு இதில் விருப்பமில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொல்கிறார்கள். காலித் (ரழி) அவர்கள் தட்டைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிடுகிறார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் புஹாரி, முஸ்லிமில் உள்ளதுதான்.

எனக்கு இந்த ஹதீஸில் மிகவும் பிடித்தது அந்த ‘இல்லை’தான். அல்லாஹ்வின் தூதருக்கே தமது வளர்ப்பினால் ஏற்பட்ட ஒரு விருப்பமின்மை இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. அதே நேரத்தில் அதை ஹராமாகவும் ஆக்கவில்லை. தமக்குப் பிடிக்காத ஒன்றை இன்னொருவர் தமது முன்னாலேயே சாப்பிடுவதைத் தடுக்கவும் இல்லை. ‘எனக்குப் பழக்கமில்லை’ என்பதையும் ‘கூடாது’ என்பதையும் அவர்கள் வெவ்வேறாக வைத்தார்கள். எமது ஊர்ப் பள்ளி நிர்வாகக் கூட்டமொன்றில் இந்த இரண்டு வாக்கியங்களும் எத்தனை தடவை ஒன்றாகக் கலக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டக்கலை அறிஞர்களும் இதற்கு இடம் வைத்தே இருக்கிறார்கள். ‘அல்ஆததுல் முஹக்கமா’, அதாவது வழக்காறும் தீர்ப்பில் கவனத்திற் கொள்ளப்படும் என்பது பிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. வழக்காற்றின் மீது கட்டப்பட்ட ஒரு தீர்ப்பு, அந்த வழக்காறு மாறினால் தானும் மாற வேண்டும் என்று மாலிகீ மத்ஹபின் இமாம் கராபி (ரஹ்) அவர்கள் வலியுறுத்தினார்கள். எமது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களே ஈராக்கில் சொன்ன பல கருத்துக்களை எகிப்துக்குப் போன பின்னர் புதிய ஆதாரங்களும் புதிய சூழலும் கண்டு மாற்றினார்கள். ‘பழைய கூற்று’, ‘புதிய கூற்று’ என்று மத்ரஸா மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் இந்த விதிக்கு ஒரு எல்லையும் உண்டு. தெளிவான வஹீக்கு முரணான வழக்காறு எவ்வளவு பழையதானாலும் அதற்கு அங்கே இடமில்லை.

ஒரு தொப்பியின் கதையைச் சொல்கிறேன். 1905ஆம் ஆண்டு கொழும்பு உயர் நீதிமன்றத்தில் எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணி துருக்கித் தொப்பி அணிந்து வழக்குப் பேசச் சென்றார். தொப்பியோடு நிற்க முடியாது என்று பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். சமூகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மாபெரும் கண்டனக் கூட்டம் நடந்தது. இலங்கை முஸ்லிம்களின் அரசியல் விழிப்புணர்வின் ஆரம்பங்களில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது. அவர்கள் போராடியது சரியே. தலையை மூடி மரியாதை செய்யும் ஒருவரின் மானத்தை மதிக்கக் கேட்டார்கள்.

அந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது? எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 முதல் 1901 வரை இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவும் தோழர்களும் அணிந்திருந்தது அதற்கு எம்மிடையே பெரும் மதிப்பைக் கொடுத்தது. துருக்கியிலேயே அது 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அரச ஊழியர்கள் மீது விதித்த ஒரு சீருடைதான். தலைப்பாகையை விட்டு இதைப் போடுவதா என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் முஸ்தபா கமால் 1925இல் அதைத் தடைசெய்தபோது, அதே தொப்பிக்காக உயிரைக் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். நூறு வருடத்துக்குள் ஒரு சீருடை மார்க்கச் சின்னமாகிவிட்டது. இன்று எம்மூரில் அதை எங்கே காண்கிறோம்? பழைய கல்யாணப் படங்களில். அது போனதால் எவருடைய இஸ்லாமும் போகவில்லை.

தொப்பி இலேசான விடயம். வீடு அப்படியல்ல.

கிழக்கில், குறிப்பாகக் காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரையான ஊர்களில், பிள்ளை தாயின் குடியைச் சேர்கிறது. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்குக் குடி மரைக்காயர் வருவார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறுவார், வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும். அயலிலுள்ள தமிழ் மக்களிடமும் இதே குடி முறை இருக்கிறது. குர்ஆனிலோ ஹதீஸிலோ இது கிடையாது. இதற்கு எதிராகவும் நேரடியாக எதுவும் கிடையாது. கடலோர முஸ்லிம்களில் நாம் மட்டும் இப்படி என்றும் சொல்ல முடியாது. காயல்பட்டினத்திலும் கண்ணூரிலும் மாப்பிள்ளைமார் பெண் வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஆண்கள் மாதக்கணக்கில் கடலிலும் வியாபாரத்திலும் இருந்த ஊர்களில் பெண்ணைத் தாயின் வீட்டிலேயே இருக்க விடுவது புத்திசாலித்தனமாக இருந்திருக்க வேண்டும். 1352இல் மேற்கு ஆபிரிக்காவின் வலாத்தா நகருக்குப் போன இப்னு பதூதா, அங்குள்ள முஸ்லிம்கள் தாய்மாமன் வழியில் வாரிசுரிமை பார்ப்பதைக் கண்டு திகைத்தார். தொழுகையிலும் பிக்ஹ் படிப்பதிலும் குர்ஆனை மனனமிடுவதிலும் அவர்கள் குறை வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்.

இந்த வழக்கத்தை எப்படி எடைபோடுவது? இளம் மௌலவிமார் சிலர் இதை முழுவதுமாக ஜாஹிலிய்யத் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் இதுதான் மார்க்கம் என்பது போலக் காக்கிறார்கள். இரண்டு பக்கமும் அவசரப்படுகின்றது என்பது என் அபிப்பிராயம். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் தலாக் ஆனால் வெளியேறுவது புருஷன், பிள்ளைகளோடு தெருவுக்கு வருவது மனைவி அல்ல. மஹரை நூற்றியொரு ரூபாய் என்று பெயரளவில் பதிந்துவிட்டுப் போகும் எமது சமூகத்தில், பெண்ணுக்கு உண்மையான பாதுகாப்பாக இருந்தது அந்த வீடுதான். அதை இல்லாமல் செய்யுமுன் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும்.

மறுபக்கம் இதைவிடப் பாரமானது. ஒரு தகப்பன் கட்டாரில் பதினைந்து வருடம் உழைத்து மூத்த மகளுக்கு ஒரு வீடு, இரண்டாவது மகளுக்கு இன்னொன்று என்று கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது மூன்றாவது மகள் பருவமடைந்து நிற்கிறாள். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை வியாதி. இப்படியான வாப்பாமார் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆண் மக்களோ தங்கச்சிமாருக்கு வீடு கட்டியே இளமையைக் கழிக்கிறார்கள், வாப்பா மௌத்தான பின் பங்கு வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. தமது பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்துவிட்டு அதற்குச் சாட்சியாக வரும்படி நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்களின் தந்தை கேட்டபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள், சாட்சியாக இருக்க மறுத்தார்கள். மனமுவந்து மகளுக்கு வீடு கொடுப்பது வேறு, வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை என்பது வேறு. முதலாவது வழக்காறு. இரண்டாவது, பெண்களுக்கு அவர்களது மஹரைக் கொடுத்துவிடுங்கள் என்று சூரா அந்நிஸாவின் நான்காவது வசனம் சொன்னதைத் தலைகீழாக்குவது.

மேற்குச் சுமாத்ராவின் மினாங்கபாவு முஸ்லிம்கள் இதே முடிச்சை அவிழ்க்க முயன்றிருக்கிறார்கள். தாய்வழிச் சொத்துரிமையுள்ள மிகப் பெரிய முஸ்லிம் சமூகம் அவர்கள். மக்காவில் ஷாபிஈ இமாமாக இருந்த அஹ்மத் கதீப் என்ற அவர்களது சொந்த ஊர் ஆலிமே அந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பின்னர் வந்த ஆலிம்கள் ஒரு வழி கண்டார்கள். பரம்பரையாக வரும் குடும்ப நிலத்தை வக்பு போலக் கருதித் தாய்வழியிலேயே விட்டுவிடுவது, ஒருவர் தாமே உழைத்துச் சேர்த்ததைப் பராயிள் முறைப்படி பங்கிடுவது. எல்லோரும் திருப்திப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சொத்து எந்த விதியின் கீழ் வருகிறது என்று உட்கார்ந்து பேசினார்கள். எமது ஊர்களில் அந்தப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

வழக்கம் சட்டமாகவும் ஆகும் என்பதற்கும் எம்மிடமே உதாரணம் உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மஹருக்கு இடமிருப்பது போலக் ‘கைக்கூலி’க்கும் இடமிருக்கிறது. மணமகளின் பாவனைக்கென்று மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்ட பணத்தை அவள் காழியிடம் போய் மீளப் பெறலாம். அந்த ஏற்பாடு பெண்ணுக்கு நன்மையானது, அதை நான் குறை கூறவில்லை. ஆனால் எந்த மத்ஹபின் கிதாபிலும் கைக்கூலி என்றொரு பாடம் இல்லை. அது இந்த மண்ணின் வழக்கம். அதற்கு முந்திய எமது சட்டத்தின் கதையோ இன்னும் விசித்திரம். ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, 1770இல் கொண்டுவந்த தொகுப்பொன்றை அடியொற்றியே 1806இல் ஆங்கிலேயர் எமக்கு முஹம்மதியச் சட்டக்கோவையைத் தந்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்த சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் ‘ஷரீஆ’ என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கப்பல் பயணத்தையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய தலைமுறையைப் பற்றியது என்று சிலர் நினைக்கலாம். “நாங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டோம். கந்தூரி இல்லை, மவ்லூத் இல்லை, குர்ஆனும் ஸஹீஹான ஹதீஸும் மட்டுமே.” அவர்களுடைய முயற்சியை நான் மதிக்கிறேன். எமது பிள்ளைகள் குர்ஆனைப் பொருளறிந்து வாசிப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. மூதாதையரை எதில் கண்டோமோ அதையே பின்பற்றுவோம் என்போரைக் கண்டிக்கும் சூரா அல்பகராவின் 170ஆம் வசனத்தை அவர்கள் அளவுக்கு வேறு எவரும் பயானில் ஓதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் முப்பது, நாற்பது வருடங்கள் கடந்துவிட்டன. அன்று வாப்பாவோடு சண்டையிட்டு வீட்டை விட்டு வந்து கொள்கையைத் தேர்ந்தெடுத்தவர் இன்று தாமே வாப்பா. அவருடைய மகன் விரலசைப்பதும் குனூத்தை விடுவதும் எட்டு ரக்அத் தராவீஹ் தொழுவதும் ஆராய்ந்து கண்டதனால் அல்ல, வாப்பா அப்படிச் செய்வதால். தரீக்கா வீட்டுப் பிள்ளை ராத்திபில் அமர்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பிள்ளைகளுமே தமது மூதாதையரை ஒன்றில் கண்டவர்கள்தான். அந்த வசனம் எந்த ஜமாஅத்துக்கும் விதிவிலக்குக் கொடுக்கவில்லை. தான் எதையும் மரபாகப் பெறவில்லை என்று நம்புகிறவருக்குத் தனது மரபு கண்ணில் படுவதே இல்லை, அதனால் அவருடன் பேசுவது கூடுதல் சிரமம்.

வளைகுடா நாடுகளும் எமக்கு ஒரு வளர்ப்பைத் தந்திருக்கின்றன. எழுபதுகளின் இறுதியிலிருந்து போய் வந்தவர்கள் பணத்தோடு பழக்கங்களையும் கொண்டு வந்தார்கள். அவ்ரத்தை மறைப்பது மார்க்கம். அதைக் கறுப்பு ஹபாயாவால் மறைப்பது ஒரு தேசத்தின் வழக்கம், சேலையைச் சுற்றி முக்காடிட்டு மறைத்த எமது உம்மம்மாமாரின் முறை இன்னொரு தேசத்தின் வழக்கம். ஹபாயா அணிகின்ற பெண் தனது விருப்பத்துக்கு அணிகிறாள், அதில் எவருக்கும் வேலையில்லை. ஆனால் முக்காடிட்ட அந்தக் கிழவிகளை, ஐந்து நேரத் தொழுகையோடு தஹஜ்ஜுதையும் விடாதவர்களை, ‘மார்க்கம் தெரியாத காலத்து ஆட்கள்’ என்று பேரப்பிள்ளைகள் சொல்லக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. (காத்தான்குடி பிரதான வீதியின் பேரீச்ச மரங்களைப் பற்றி ஒரு காலத்தில் எவ்வளவு சர்ச்சை! ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதை ஒரு கொள்கையாகப் பார்த்தார்கள். எனக்கு அது ஒரு மரம்.)

அப்படியானால் வளர்ப்புக்கு அப்பால் எஞ்சுவது என்ன? இதற்கான விடையை எமது சமூகம் கிதாபில் அல்லாமல் அனுபவத்தில் ஒருமுறை கண்டது. 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தான எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளேயான பச்சிளம் குழந்தையும் எரிக்கப்பட்டபோது, கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அந்த மாதங்களில் தப்லீக், தவ்ஹீத், தரீக்கா, ஜமாஅத்தே இஸ்லாமி, மேமன், மலாய், போரா என்று எவரும் வேறு கருத்துச் சொல்லவில்லை. எந்தக் கப்பலில் வந்தவரானாலும், எந்தக் குடியில் பிறந்தவரானாலும் ஜனாஸாவை அடக்கம் செய்ய வேண்டும் என்பதில் மாற்றமே இல்லை. ஓட்டமாவடி மஜ்மா நகரில் வரிசையாக அடக்கப்பட்டிருப்பவர்களில் யார் எந்த ஜமாஅத் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை.

இப்படி எல்லா வளர்ப்பிலும் மாறாமல் இருப்பதை ஒரு பக்கமும், ஊருக்கு ஊர் மாறுவதை மறுபக்கமும் வைத்துப் பார்க்கும் பழக்கம் எமக்கு இருந்திருந்தால், முஸ்லிம் விவாகச் சட்டத் திருத்தம் இவ்வளவு காலம் இழுபட்டிருக்காது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் நியமிக்கப்பட்டு, 2018 ஜனவரியில்தான் அறிக்கையைக் கையளித்தது. அதற்குப் பின்னும் விவாதம் ஓயவில்லை. அதில் ஒரு சிறிய விடயம், விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பம். 1951இன் சட்டம் மாப்பிள்ளையிடமும் வலீயிடமும் கையொப்பம் கேட்டது, மணமகளிடம் கேட்கவில்லை. ஷாபிஈ மத்ஹபில் வலீ நிகாஹின் ருகுன், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஹனபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம் என்பதும் எமக்குத் தெரிந்ததே. ஆனால் பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது நபிவழி, கன்னிப் பெண்ணிடமும் கேட்கப்பட வேண்டும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. கேட்டதற்கு அடையாளமாக அவள் பெயரெழுதுவதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை. இன்று உலமாக்கள் பலரும் இதை ஏற்கிறார்கள். பின் ஏன் இவ்வளவு வருடம்? “எங்கட ஊரில பொம்பளப் புள்ள சபைக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். பழக்கமில்லை என்பது உண்மைதான். அவரிடம் நான் உடும்பு ஹதீஸைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மாதம் தனது பேத்தியின் நிகாஹ் இருப்பதாகவும், பதிவுகாரர் புத்தகத்தை உள்ளறைக்குக் கொண்டுபோனால் சரிவருமா என்றும் கேட்டார்.